வண்டியில் கேட்கும் பாட்டு

ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லால் பதினொரு பக்கங்கள் பயனற்றுப் போயின. முன்பு ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரைக்கும் திருத்தக் குறிப்பு அனுப்பியாயிற்று. "இத்தனை நாள் கழித்து இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று நெறியாளர் கேட்டார். "ஒரு பழைய ஜீப்பின் ஸ்டீரியோவில் ஆக்ஸ் குழி வைத்தோம், அதனால் தெரிந்தது" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நண்பர்கள் சிலரும் கேட்டுவிட்டதால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன். சற்று நீளம்தான், பொறுத்தருள்க.

பொன்முடியைச் சுற்றுலாத் தலமாகவே பலரும் அறிவார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாற்றைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் மூடுபனி. வளைவுகளுக்கு இடையே தேயிலைத் தோட்டங்களும் அவற்றின் லயங்களும் இருப்பதைக் காரில் போகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நான் பழகிய லயத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் பள்ளியில் படிப்பது மலையாளம். அடுப்படியில் பேசுவது, எனக்குத் தெரிந்தவரை, திருநெல்வேலியிலேயே இப்போது குறைந்துவரும் திருநெல்வேலித் தமிழ். அவர்களுடைய வேலைப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் 2018இல் பதிவு செய்தேன். மொத்தம் முப்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆய்வு அறக்குழுவின் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: "சேகரித்தவற்றைச் சமூகத்துக்குத் திருப்பி அளிக்கும் முறை." 2019இல் ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், அதிகமாகப் பாடிய இருவரில் இளையவரான ஆச்சியிடம் கொடுத்தேன். படம் எடுத்தேன், கட்டத்தில் குறியிட்டேன். ஆச்சியின் வீட்டில் கணினியும் இல்லை, பென் டிரைவ் செருகும் தொலைக்காட்சியும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

பெருந்தொற்றுக் காலம் கழிந்து 2022இல் மறுபடி போனபோது, அந்தப் பென் டிரைவ் சுவரில் நாட்காட்டியின் ஆணியிலேயே கறுப்பு நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. திருநீற்றுக் கோடு ஒன்றும் அதன்மேல் இருந்தது. மற்றொருவர், ஆச்சியின் ஓர்ப்படியாள், 2020இல் இறந்துவிட்டார். அண்ணன் மனைவியும் தம்பி மனைவியுமாக அறுபது ஆண்டு ஒரே சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தவர்கள். "அவ சத்தம் இதுக்குள்ளதான கெடக்கு?" என்று ஆச்சி அந்த நூலைத் தொட்டுக் கேட்டார்.

கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். ஆச்சிக்குக் காது மந்தம். தகரக் கூரையில் மழை வேறு. காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தேன். அரை நிமிடத்தில் பிடுங்கி எடுத்துவிட்டார். "செத்தவ காதுக்குள்ள வந்து பேசுத மாதிரி இருக்கு, வேண்டாம் தாயி." நகரத்திலிருந்து கொண்டுபோன சிறிய புளூடூத் ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்தேன். மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "எல்லாப் பாட்டும் வண்டில கேக்குது. நம்ம பாட்டு வண்டில கேக்குமா?"

வண்டி என்று அவர் சொன்னது மகனின் ஜீப்பை. பழைய டீசல் மகிந்திரா. ஆச்சியின் கணவர் ஓட்டியது. 2009இல் அவர் மறைந்தபின் மகன் ஓட்டுகிறார். விதுரா ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கல்யாணங்களுக்கும் முப்பது ஆண்டுகளாக ஆச்சி அதன் முன் இருக்கையில்தான் போய்வந்திருக்கிறார். டேஷ்போர்டில் கேசட் ஸ்டீரியோ: இருபுறமும் இரண்டு திருகுகள், நடுவில் கேசட் வாய், பெயர் தேய்ந்துபோன முகப்பு. பாட்டு என்றால் அந்த வாயிலிருந்து வருவதுதான். அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதிப் பாட்டு அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை.

கேசட் பண்பாடு பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய, 3.81 மில்லிமீட்டர் அகல நாடா ஒன்று நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் அந்தச் சிறு பெட்டி, இந்தியாவில் யார் பாடலாம், யார் விற்கலாம் என்பதையே மாற்றியதைப் பீட்டர் மானுவல் 1993இல் வெளிவந்த நூலில் வட இந்தியாவை வைத்து விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்க் கிராமத்தில் கேசட் போடுவதே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதலாக மாறியதைப் பற்றிப் பால் கிரீன் 1999இல் எழுதினார். இவற்றை நான் முதல் இயலில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். காட்டிவிட்டுப் பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

புதிய ஸ்டீரியோ வாங்கி மாட்டிவிடலாமே என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். செலவு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் சினந்துகொள்ளவில்லை, ஆனால் முகம் மாறியது. "இது அப்பா போட்டதும்மா. கேசட்டும் நாப்பது கெடக்கு, அதெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போட?" ஆகவே கேசட் ஓட வேண்டும், வானொலி பாட வேண்டும், அவற்றோடு ஆச்சியின் பாட்டும் வர வேண்டும்.

முதலில், கேசட் வடிவிலேயே இருக்கும் அடாப்டரை வாங்கிப் போனேன். நாடாவுக்குப் பதிலாக அதில் ஒரு சிறு காந்தத் தலை இருக்கும். அது ஸ்டீரியோவின் ஹெட்டோடு முகம் பொருந்தி நின்று ஒலியைக் கடத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த ஸ்டீரியோ ஆட்டோ ரிவர்ஸ் வகை. நாடாவின் மறுபக்கச் சக்கரம் சுழலாவிட்டால் நாடா முடிந்தது என்று கருதித் திசையை மாற்றிவிடும். மலிவான அடாப்டருக்குள் இருந்த பல்சக்கரம் அதை ஏமாற்றும் அளவுக்கு உறுதியாக இல்லை. நான்கு நொடிக்கு ஒருமுறை டக், டக் என்று திசை மாறிக்கொண்டே இருந்தது.

அடுத்தது பண்பலை அலைபரப்பி. வானொலியில் காலியான ஓர் இடத்தைப் பிடித்து அதில் நம் ஒலியை அனுப்புவது. சமவெளியில் இது ஓரளவு உதவும். பொன்முடிப் பாதையில் எந்த இடமும் காலியாக நிலைப்பதில்லை. ஒரு வளைவில் மலை மறைக்கும் நிலையத்தை அடுத்த வளைவு திறந்துவிடும். திருவனந்தபுரத்தின் 101.9உம் நாகர்கோவிலின் 101உம் முள்ளின் நகர்வில் மயிரிழை தூரம். நான் தேர்ந்த இடத்தில் மூன்றாம் வளைவுவரை ஆச்சி பாடினார். நான்காம் வளைவில் மலையாளத்தில் விளம்பரம் வந்தது. அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

மூன்றாவது வழி, ஸ்டீரியோவைத் திறந்து உள்ளேயே ஓர் உள்ளீடு வைப்பது. எனக்கு இயற்பியல் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்தது. விதுராவில் வானொலிப்பெட்டி பழுதுபார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருப்பதாக அண்ணாச்சி சொன்னார். அவரிடம் போனோம். நான் இணையத்தில் படித்த அரைகுறை அறிவோடு, "ஹெட்டிலிருந்து வரும் கம்பியை வெட்டி அங்கே நம் கம்பியைச் சேர்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என் வாய்மொழித் தேர்வுக் குழுவில் யாரும் பார்க்காமல் இருக்கட்டும்.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். நாடாவிலிருந்து ஹெட் எடுக்கும் மின்குறி மிகச் சிறிது. ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதோடு, நாடாவில் பதிவதற்காக ஒலியின் தாழ்ந்த பகுதியும் உயர்ந்த பகுதியும் வேறு வேறு அளவில் மாற்றி எழுதப்பட்டிருக்கும். ஹெட்டுக்கு அடுத்து நிற்கும் முன்பெருக்கி அந்தச் சிறு குறியைப் பல மடங்கு பெருக்கி, மாற்றி எழுதியதை மீண்டும் நேராக்கித் தருகிறது. இந்த ஸ்டீரியோவில் அது எல்ஏ3161 என்ற எட்டுக் கால் சில்லு. என் பதிவுக்கருவியின் காதணிக் குழியிலிருந்து வருவதோ ஏற்கெனவே பெரிய, நேரான குறி, நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட். அதை ஹெட்டின் இடத்தில் கொடுத்தால், நேரான ஒன்றை மறுபடி நேராக்கப் போய், இடி இடிப்பதுபோல் அடித்தொண்டை மட்டும் கேட்கும். கடைசியில் நிற்கும் எல்ஏ4440 ஆற்றல் பெருக்கியின் வாசலில் நேரே கொடுத்தால் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு உதவாது. ஆகவே நுழைய வேண்டிய இடம் ஒன்றே: முன்பெருக்கி முடிந்தபின், வால்யூம் திருகுக்குச் சற்று முன்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஸ்டீரியோவை வெளியே இழுத்து, பெரியவரின் மேசையில் தனி 12 வோல்ட் இணைப்பில் வைத்து மூடியைக் கழற்றினார்கள். உள்ளே முப்பது ஆண்டுத் தேயிலைத் தூசி. வால்யூம் திருகின் பின்னால் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கால்கள். மல்டிமீட்டரை வைத்து, எந்தக் கால் எப்போதும் தரையோடு இணைந்திருக்கிறது, எது திருகைச் சுழற்றும்போது மாறுகிறது என்று பார்த்தால் மூன்றாவது தானே தெரிந்துவிடும். உறுதி செய்ய, திருகைப் பாதியில் வைத்து, மெல்லிய திருப்புளியால் அந்தக் காலைத் தொட்டார். ஒலிபெருக்கி 'ம்ம்ம்' என்று முனகியது. இடப்பக்கம் ஒரு முனகல். வலப்பக்கம் ஒரு முனகல். வாசல் இரண்டும் கிடைத்துவிட்டன.

இனி வெட்ட வேண்டும் என்று நினைத்தேன். பெரியவர், "முறிக்கண்ட மோளே, வழி திரிச்சால் மதி" என்றார். வெட்ட வேண்டாம், வழியைத் திருப்பிவிட்டால் போதும். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் ஐந்து கால் உள்ள ஒரு வகை உண்டு. பின் செருகாதபோது உள்ளே இரண்டு தகடுகள் தொட்டுக்கொண்டிருக்கும். பின் நுழைந்தால் அவை விலகும். முன்பெருக்கியிலிருந்து வால்யூமுக்குப் போகும் கம்பியைக் கழற்றி அந்தத் தகடுகளின் வழியே சுற்றிவிட்டால், ஒன்றும் செருகாத நேரமெல்லாம் கேசட்டும் வானொலியும் பழையபடி பாடும். நாம் செருகும்போது மட்டும் அவை ஒதுங்கி வழிவிடும், எடுத்தவுடன் திரும்பிவிடும். அண்ணாச்சி இதைக் கேட்டுவிட்டு இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். அப்பாவின் கேசட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதியான பிறகுதான் தலையசைத்தார்.

மற்றவை சில்லறை வேலைகள். எங்கிருந்தாவது நேர்மின்னோட்டம் கசிந்து என் கருவிக்குள் வராமலிருக்கப் பக்கத்துக்கு ஒரு சிறு கெப்பாசிட்டர். இரைச்சலைத் தடுக்க உறையுள்ள கம்பி. அந்த உறையை ஒரு முனையில் மட்டும் தரையோடு சேர்க்க வேண்டும். சாம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் துளையிட்டு ஜாக்கைப் பொருத்தினோம். பொருள்கள் எல்லாம் 100 ரூபாய்க்குள் முடிந்தன. சாலைக் கடைவீதிப் பக்கம் நானே வாங்கிப் போனவை. பெரியவர் கூலி வாங்கவில்லை. பேட்டரியிலிருந்து பதிவுக்கருவிக்கு மின்னேற்றியபடி முதலில் போட்டபோது, இன்ஜின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் கீச்சொலி ஒன்று கூடவே வந்தது. மின்னேற்றும் கம்பியைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. ஒரே கருவிக்கு இரண்டு வழியாகத் தரை இணைப்பு போனால் வரும் தொல்லை அது. பதிவுக்கருவி தன் சொந்த பேட்டரியிலேயே ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் மழை இல்லை. ஆச்சி முன் இருக்கையில்; நான் பின்னால், கம்பியை நீட்டிப் பிடித்துக்கொண்டு. லயத்திலிருந்து இறங்கும் வழியில், ஒரு வளைவின் ஓரத்தில் அண்ணாச்சி வண்டியை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றினார். முதலில் ஆச்சியின் தாலாட்டு. தன் குரலைத் தானே கேட்டு, "கெழவி நல்லாத்தான் பாடுதா" என்றார். அடுத்தது ஓர்ப்படியாள் பாடிய வேலைப் பாட்டு. என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அடியை நான் 'வெயில் கொழுந்தை வாட்டுகிறது' என்று பொருள் கொண்டிருந்தேன். கிள்ளிய தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் போவதற்குள் வாடிவிடுகிறது. வாடினால் எடை குறையும், கங்காணி ஏசுவார். இதிலிருந்து, பறிக்கும் பெண் பறிக்கப்படும் இலையோடு தன்னை ஒன்றாகக் காண்கிறாள், வாட்டும் வெயில் இங்கே உழைப்புச் சுரண்டலின் உருவகம் என்றெல்லாம் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர் ஒருவர் அந்தப் பகுதியைத் தனியே பாராட்டவும் செய்தார்.

ஜீப்பில் அந்த அடி இரண்டாம் முறை வந்தபோது ஆச்சி சிரிக்கத் தொடங்கினார். மூன்றாம் முறை வந்தபோது கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். நான் கருவியை நிறுத்திக் கேட்டேன்.

"அவ கொளுந்த எங்க பாடுதா? கொளுந்தன இல்லா பாடுதா! எங்க வீட்டுக்காரவுகள."

பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும் ஊர். 'கொழுந்தை' என்பது பேச்சில் 'கொளுந்த' என்று குறுகும். கணவனின் தம்பியை அழைப்பது 'கொளுந்தா.' இரண்டுக்கும் இடையே இருப்பது ஈற்று அகரத்தின் நீளம் மட்டும். பாட்டிலோ எல்லா உயிரும் நீளும். காதணியோடு நாற்பது முறை கேட்டேன். பிராட் மென்பொருளில் அலைவரைவு எடுத்தும் பார்த்தேன். நீட்டிப் பாடிய உயிரை அளந்து என்ன பயன்? வெயில் கொழுந்தை வாட்டவில்லை. வெயில் வாட்டுகிறதே, கொழுந்தா, இன்னும் ஏன் இங்கேயே நிற்கிறாய் என்று அண்ணி கேலி செய்கிறாள். கல்யாணத்துக்கு முன் ஆச்சியைப் பார்ப்பதற்காக அவருடைய கணவர் உச்சி வெயிலில் எடைக் கொட்டகை ஓரமாக வந்து நிற்பாராம். அண்ணிக்கு அது தெரிந்துபோய்ப் பாட்டுக் கட்டிவிட்டாராம். மலைச்சரிவில் நிரையாக நின்று பறிக்கும் அத்தனை பெண்களும் சேர்ந்து பாடுவார்களாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவாராம்.

அண்ணாச்சி இதை அதற்குமுன் கேட்டதே இல்லை. வண்டியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "இன்னொரு தடவ போடுங்கம்மா" என்றார். அவருடைய தந்தை வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவில், அந்தத் தந்தையை அவருடைய அண்ணி கேலி செய்யும் பாட்டு அன்று ஏழு முறை ஒலித்தது.

அன்றிரவு 2018ஆம் ஆண்டு எழுத்துப்பெயர்ப்பை எடுத்துப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் "இதற்கு என்ன பொருள், பெரியாச்சி?" என்று நான் கேட்கிறேன். "எல்லாம் கொளுந்து சமாசாரந்தான் தாயி" என்று விடை வருகிறது. அதற்கு அடுத்து, பகர அடைப்புக்குள் 'சிரிப்பு' என்று நானே தட்டச்சு செய்திருக்கிறேன். இரண்டு பேர் சிரிப்பு என்றும் குறித்திருக்கிறேன். இருவரும் ஏன் சிரித்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கணவனை இழந்த ஓர்ப்படியாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அறிமுகமாகி இரண்டு வாரமே ஆன ஒரு பெண்ணிடம் அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று பெரியாச்சி அப்போதே முடிவு செய்திருக்கலாம். கேலிப் பாட்டை வேலைப் பாட்டாகவே நான் கொண்டுபோகட்டும் என்று விட்டிருக்கலாம். இப்போது அவரிடம் கேட்க வழியில்லை.

நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு ஆய்வாளரை அறிந்திருப்பார்கள். 1938இல் தென்னிந்தியாவில் பல இடங்களில் ஒலிப்பதிவு செய்தவர். நசீர் ஜைராஸ்போயும் ஏமி காட்லினும் 1984இல் அந்த ஊர்களைத் தேடிச் சென்று, பழைய பதிவுகளைப் பாடியவர்களின் வழியினருக்குப் போட்டுக் காட்டினார்கள். பதிவைத் திரும்பக் கேட்கச் செய்வதே ஓர் ஆய்வுமுறை என்பதை நான் அவர்கள் வழியாகத்தான் படித்தேன். கருத்தரங்கு ஒன்றில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். எங்கே, எதில், யாரோடு உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அறக்குழுப் படிவத்தில் அந்தக் கட்டத்தை இப்போது நிரப்பச் சொன்னால் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும்; அங்கே இருப்பதோ குறியிடுவதற்கான இடம்.

சில கேள்விகளை இப்போதே எதிர்பார்க்கிறேன். ஜீப் ஒலிபெருக்கி காதணியைவிடத் துல்லியமானதா? இல்லவே இல்லை, காகிதக் கூம்பு கிழிந்து ஒட்டிய ஒலிபெருக்கி அது. ஆச்சிக்கு நடுத்தர ஒலிகள் உரக்கக் கேட்க வேண்டும், தகரக் கூரையின் மழைச் சத்தம் இருக்கக் கூடாது; அந்த இரண்டும் அங்கே கிடைத்தன. மற்றபடி சொல்லைக் கண்டுபிடித்தது ஆச்சியின் காது. ஆச்சி சொன்னதை மட்டும் நம்பித் திருத்தலாமா? அதே லயத்தில் இன்னும் மூன்று மூதாட்டிகளிடம், ஆச்சி இல்லாதபோது, ஒவ்வொருவராகப் போட்டுக் காட்டினேன். மூவரும் ஜீப்பில் உட்கார்ந்தே கேட்பதாகச் சொன்னார்கள். மூவரும் அந்த இடத்திலேயே சிரித்தார்கள்.

புதிய இயலில் அந்தப் பாட்டு 'கேலிப் பாட்டுகள்' என்ற பகுதிக்குப் போய்விட்டது. சுரண்டலைப் பற்றிய என் வாதம் முழுவதும் தவறென்று நான் எண்ணவில்லை. அதற்கு வேறு பாட்டுகள் சான்றாக இருக்கின்றன. ஆனால் வாடும் இலை என்ற உருவகத்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே அந்தச் சிரிப்பைக் கடந்து போயிருக்கிறேன். அதையும் அடிக்குறிப்பில் எழுதிவிட்டேன். நெறியாளர் நீக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

ஆச்சியின் பாட்டுகள் இப்போது அண்ணாச்சியின் கைப்பேசியிலும் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்களில் ஆக்ஸ், மற்ற நாள்களில் கேசட் என்று சொன்னார். சென்ற மாதம் பேசியபோது வலப்பக்க ஒலிபெருக்கியில் மட்டும் கரகரப்பு வருகிறது என்றார். மழையில் ஜாக்கின் தகடுகள் பச்சை பிடித்திருக்கும் என்று பெரியவர் சொல்கிறார். அடுத்த முறை போகும்போது தகட்டைத் துடைக்கும் தெளிப்பானும், குழியின் வாயை மூட ஒரு ரப்பர் மூடியும் வாங்கிப் போக வேண்டும்.